தமிழ்நாட்டு ஊடகங்கள் அரசியல்ல நடுநிலையா இருக்கா? பத்திரிகை சுதந்திரத்த பொறுப்போட பயன்படுத்துறாங்களா?

நடுநிலையான்னு கேட்டா, இல்ல. அது கேட்ட உங்களுக்கே தெரியும். ஆனா நாம எத சாய்வுன்னு திட்டிக்கிட்டு இருக்கோமோ, அதாவது இந்த கட்சி டிவி, அந்த கட்சி டிவி, அதால பெருசா கெடுதல் இல்லன்னு தான் நான் சொல்லுவேன்.

2001 ஜூன் 30, கருணாநிதிய மேம்பால வழக்குல நடுராத்திரி அரெஸ்ட் பண்ணாங்கல்ல, அப்ப நான் ஸ்கூல் பையன். சன் டிவில அவர தரதரன்னு தூக்கிட்டு போறதையும் அவர் "ஐயோ கொல பண்றாங்க"ன்னு கத்துறதையும் நாள் பூரா திருப்பி திருப்பி போட்டாங்க, ஜெயா டிவிக்கு மாத்துனா அதே ராத்திரி தான், ஆனா அங்க போலீஸ் தான் பாவம், முரசொலி மாறன் போலீஸ்கிட்ட மல்லுக்கட்டுறாரு. எங்க தாத்தா உதயசூரியன், மாமா ரெட்டை இலை, ரெண்டு பேருக்கும் நடுவுல ரிமோட் படாத பாடு பட்டுச்சு. ஆனா யாரும் ஏமாறல. எவன் டிவி எவனுக்கு பேசும்னு டீக்கடைல உக்காந்திருக்க பெருசுக்கு கூட தெரியும். ரெண்டையும் பாத்துட்டு நடுவுல என்ன நடந்திருக்கும்னு நாங்களே ஒரு கணக்கு போட்டுக்கிட்டோம்.

பிரச்சனை எங்கன்னா, காட்டாம விடுறதுல. இத நான் 2007-ல தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அப்ப நான் மதுரைல காலேஜ். மே 9, தினகரன் பேப்பர்ல (சன் டிவி வச்சிருக்க மாறன் குடும்பத்தோடது தான், கருணாநிதிக்கு சொந்தக்காரங்க) ஒரு சர்வே வந்துச்சு, கருணாநிதிக்கு அடுத்து யாருன்னு. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2. அவ்ளோ தான், அழகிரி ஆளுங்க ரோட்டுக்கு வந்துட்டாங்க, பேப்பர போட்டு கொளுத்துனாங்க, பஸ்ஸெல்லாம் அடிச்சாங்க, நான் மாட்டுத்தாவணில மாட்டிக்கிட்டு நிக்கிறேன், மேலூர் ரோட்டு பக்கம் ஒரு வண்டியும் போகல. அந்தப் பக்கம் உத்தங்குடில இருந்த தினகரன் ஆபீஸ்ல பெட்ரோல் குண்டு வீசி உள்ள இருந்த மூணு பேர் செத்துப்போனாங்க. ரெண்டு பேர் கம்ப்யூட்டர் பிரிவு பசங்க, ஒருத்தர் வாட்ச்மேன். சர்வே எடுத்ததும் அவங்க இல்ல, போட சொன்னதும் அவங்க இல்ல.

அன்னிக்கு சன் டிவிய பாத்திருக்கணும். அதுவரைக்கும் திமுக ஆட்சிய பத்தி ஒரு சுடுசொல் பேசாத டிவி, அந்த ஆட்சில போலீஸ் எப்படி வேடிக்கை பாத்துச்சுன்னு எரியுற ஆபீஸ காட்டி காட்டி சொன்னாங்க. பொய்யும் இல்ல அது. அப்புறம் தயாநிதி மாறன் மந்திரி பதவிய விட்டாரு, செப்டம்பர்ல கலைஞர் டிவி வந்துச்சு, சண்டை ஒரு ஒன்றரை வருஷம் போச்சு. 2008 டிசம்பர்ல குடும்பம் ஒண்ணு சேந்துச்சு. "இதயம் இனித்தது, கண்கள் பனித்தன"ன்னு கலைஞர் சொன்னாரு. அதுக்கப்புறம் அந்த மூணு பேர் பேச்சு சன் டிவில என் கண்ணுல படவே இல்ல. 2009 டிசம்பர்ல கீழ் கோர்ட்டு குத்தம் சாட்டுன எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. 2019-ல தான் ஹைகோர்ட்டு மதுரை கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. பன்னண்டு வருஷம்.

சரி ஊர பேசுறேன், என்னையும் பேசணும்ல. படிப்பு முடிச்சு ஒரு பேப்பர்ல ரெண்டு வருஷம் பகுதிநேர நிருபரா இருந்தேன் (பேர் வேணாம்). சம்பளம்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது, விளம்பரம் பிடிச்சா கமிஷன், அது தான் பொழப்பு. மாவட்டச் செயலாளர் பிறந்தநாள், பொங்கல் வாழ்த்து, கடை திறப்புன்னு அலையணும். எங்க பக்கத்து கண்மாய்ல அனுமதிக்கு மேல மண்ணு அள்ளுறாங்கன்னு போட்டோவோட மேட்டர் அனுப்புனேன். ரெண்டு வாரமா "வெயிட்டிங்ல இருக்கு தம்பி"ன்னாங்க. மூணாவது வாரம் மண்ணு அள்ளுனவரோட அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் வந்துச்சு, அதுக்கு கமிஷன் எனக்கு தான். வாங்கிக்கிட்டேன். அந்த கண்மாய பத்தி அப்புறம் நானும் எழுதல, அவங்களும் கேக்கல. இதுல எந்த கட்சி சாய்வு இருக்கு சொல்லுங்க?

பொறுப்புன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்க. அத ஆள்றவங்க வாயால கேக்குறப்ப எனக்கு கொஞ்சம் பயம். 1987-ல ஆனந்த விகடன் அட்டைல எம்எல்ஏ, மந்திரிங்கள கிண்டல் பண்ணி ஒரு ஜோக் போட்டதுக்கு சட்டசபையே ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் ஜெயில் குடுத்துச்சு. ஒரு ஜோக்குக்கு! ஊரே திட்டவும் சீக்கிரமே விட்டுட்டாங்க. இப்பல்லாம் அவ்ளோ சிரமம் வேணாம், அரசு விளம்பரத்த நிறுத்துனா போதும், இல்லன்னா அரசு கேபிள்ல சேனல எங்கயாவது பின்னாடி தள்ளி விட்டா போதும். அந்த அரசு கேபிளே 2007 குடும்ப சண்டைல மாறன் கேபிளுக்கு எதிரா திமுக ஆரம்பிச்சது, அப்புறம் 2011-ல அம்மா வந்து தூசி தட்டி எடுத்து நல்லா வேல வாங்கிக்கிட்டாங்க. அந்தப் பக்கம் பிரஸ் கவுன்சில் இருக்கேன்னு கேப்பீங்க, அது பேப்பருக்கு மட்டும் தான், டிவிய தொட முடியாது, பேப்பரையும் கண்டிக்கலாமே தவிர தண்டிக்க முடியாது.

அதனால நான் பேப்பர பின்னாடி இருந்து படிக்கிறேன். மொதல்ல விளம்பரம், யார் யாருக்கு வாழ்த்து சொல்லிருக்காங்கன்னு. அப்புறம் போன மாசம் பெருசா போட்டு திடீர்னு நின்னுபோன செய்தி எதாவது இருக்கான்னு. கட்சி பேப்பர் ரெண்டு பக்கத்துதையும் வாங்குறேன், ஒருத்தன் மறைச்சத இன்னொருத்தன் போட்டிருப்பான். ரெண்டு பேருமே போடாத விஷயத்துக்கு தான் வழி தெரியல, எங்க ஊரு கண்மாய் மாதிரி.