மனனமும் கணக்கும் – கடிதம், பதில்

அஸ்ஸலாமு அலைக்கும்.

மகளை ஓர் இஸ்லாமியப் பள்ளியில் சேர்க்க எண்ணியிருக்கிறேன். போய்ப் பார்த்தேன். காலையில் ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்), தஜ்வீத் (எழுத்துகளைச் சரியாக உச்சரித்து ஓதும் முறை). பிறகு கணக்கு, அறிவியல், மொழிப்பாடங்கள். மாலையில் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்). ‘மார்க்கமும் உலகமும் இரண்டும் உண்டு’ என்றார்கள். பொருள் புரியாமல் மனனம் செய்தால் பிள்ளையின் சிந்தனை மழுங்கிவிடாதா? நீங்கள் மனனத்தை ஆதரித்து எழுதியவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கேள்வி புதிதல்ல. ஸ்பெயினின் செவில் நகரத்து காழீ (நீதிபதி) அபூபக்ர் இப்னுல் அரபி 12ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டுவிட்டார். முதலில் அரபு மொழியும் கவிதையும், அடுத்து கணக்கு, அதன் பிறகுதான் குர்ஆன் என்பது அவர் வகுத்த வரிசை. புரியாததைப் பிள்ளை வாயில் திணிக்காதீர்கள் என்றார். 1377இல் ‘முகத்திமா’ என்ற நூலை எழுதிய வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இதை நல்ல முறை என்று பாராட்டினார். ஆனால் வழக்கம் இடம் கொடுக்காது, வளர்ந்த பிள்ளை கைநழுவிப் போய்விட்டால் குர்ஆனே ஓதாமல் போய்விடுவான் என்றும் சேர்த்துக்கொண்டார். குர்ஆனை மட்டுமே ஓதவைத்த மக்ரிப் (வடமேற்கு ஆப்பிரிக்கா) பிள்ளைகளுக்கு மொழித்திறன் குன்றியது என்பதும் அவர் கணிப்புதான். அவர்கள் அரபு மண்ணின் பிள்ளைகள். அரபு வீட்டுமொழியாக இல்லாத நம் பிள்ளைகளுக்குத் தூரம் இன்னும் அதிகம்.

இருந்தும் மனனத்தை நான் கைவிடமாட்டேன். ஹிஃப்ழ் வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். சபக் என்பது அன்றைய புதுப் பாடம். சபகி என்பது சென்ற சில நாட்களின் பாடம். மன்ஸில் பழைய பாடம். மூன்றும் தினமும் சுழலும். உஸ்தாத் (ஆசிரியர்) ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே ஓதச்சொல்லிக் கேட்பார். ஒருத்தி ஐந்து வரி, இன்னொருத்தி ஒரு பக்கம். அவரவர் வேகம் அவரவருக்கு. இந்த ஏற்பாடு கணக்கு வகுப்புக்கும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

தஜ்வீதும் வெறும் அலங்காரமில்லை. ‘கல்ப்’ என்ற சொல்லின் முதல் எழுத்து அடிநாக்கிலிருந்து வந்தால் இதயம். கொஞ்சம் முன்னால் நழுவினால் நாய். ழகரத்தோடு மல்லுக்கட்டும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கால அட்டவணையில் எனக்கு உறுத்துவது வேறு. பகலில் கணக்கு, மாலையில் ஃபிக்ஹ், இடையே ஒரு சுவர். ‘இரண்டும் உண்டு’ என்ற பெருமையிலேயே அந்தச் சுவர் நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரா நூலில் ஏறக்குறைய பாதி மரண சாசனக் கணக்கும் வாரிசுக் கணக்கும்தான். ஒரு பெண் இறக்கிறார். பிள்ளையில்லை. கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசுகள். கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்காக்கினால் மூன்றும் நான்கும் ஏழு, இருப்பதோ ஆறு! கலீஃபா உமர் (ரலி) காலத்தில் இந்தச் சிக்கல் வந்தபோது சொத்தை ஏழாகப் பிரித்துக் கணவருக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு என்று தீர்த்தார்கள். எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் குறைந்தது. இதற்கு அவ்ல் என்று பெயர். நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) இதை ஏற்கவில்லை. பின்னம், விகிதம், சட்டம், கருத்து வேறுபாடு நான்கும் ஒரே கணக்கில் கிடைக்கின்றன. இதைக் கணக்கு ஆசிரியரும் ஃபிக்ஹ் உஸ்தாதும் சேர்ந்து நடத்தும் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள்.

ஆகவே ஹிஃப்ழ் உஸ்தாதை விட்டுவிட்டுக் கணக்கு ஆசிரியரிடம் பேசுங்கள். வாரிசுக் கணக்கு அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். ஓதிய சூராவின் (குர்ஆன் அத்தியாயத்தின்) பொருளை எந்த வகுப்பில் தொடங்குகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் உங்கள் பயம் நியாயமானதுதான். அடிப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். கடுமையில் வளரும் பிள்ளை பொய்யும் சூதும் பழகும் என்று எச்சரித்தவரும் அதே இப்னு கல்தூன்தான்.

மகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. ஆறு வயது என்றால் மேலே சொன்னதே என் பதில். பன்னிரண்டு என்றால் என்னிடம் கேட்பதற்கு முன் அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.