ஊசி வேண்டாம், சிறுநீர் போதும் என்கிறாரே கணவர்!

கேள்வி: அன்புள்ள மிஸ்ஸி அக்காவுக்கு, என் கணவருக்கு 41 வயது. போன வருஷம் என் மாமியாரின் கிட்னியைப் பொருத்தினார்கள். ரத்தத்தில் 112-லேயே நின்ற கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) இந்த மாதம் 149. பயோப்சி (ஊசியால் கிட்னியில் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்யணும், கோலாலம்பூருக்கு வாங்க என்கிறார் டாக்டர். இவரோ வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, "சிறுநீரிலேயே கண்டுபிடிக்கிறார்கள், அம்மா கொடுத்த கிட்னியில் குத்த விடமாட்டேன்" என்கிறார். மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?
– ஒரு சகோதரி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, வீட்டுக்காரர் படித்தது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லிப் பயோப்சியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலில் போன் போட்டுத் தேதி வாங்குங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

கிரியேட்டினின் தாமதமாகத்தான் ஏறும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மரத்தில் கட்டிய மங்கில் (கோப்பையில்) பால் குறைவது கண்ணுக்குத் தெரிவதற்குள் மரத்தில் கோளாறு தொடங்கி நாளாகியிருக்கும். அதனால்தான் சிறுநீரில் முன்கூட்டியே ஏதாவது தெரியுமா என்று தேடினார்கள். புதுக் கிட்னியை உடம்பு அந்நியமாக நினைத்தால் வெள்ளை அணுக்கள் உள்ளே புகுந்து தாக்கும், இதைத்தான் நிராகரிப்பு என்பார்கள். அவற்றில் சில சிறுநீரோடு வெளியே வந்துவிடும். அவற்றின் ஆர்.என்.ஏ.வை (அணு என்ன வேலையில் இருக்கிறது என்று காட்டும் குறிப்பு) படித்தால் உள்ளே நடக்கிற சண்டை தெரியும். 2013-ல் நியூயார்க் டாக்டர் மாணிக்கம் சுதந்திரனும் (பெயரைப் பாருங்கள், நம்மவர்!) அவர் குழுவினரும் 485 பேரின் 4,300 சிறுநீர் மாதிரிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். பயோப்சியில் நிராகரிப்பு உறுதியாவதற்குச் சில வாரங்கள் முன்பே அந்த அடையாளம் ஏறத் தொடங்கியிருந்தது. சி.எக்ஸ்.சி.எல்-9, சி.எக்ஸ்.சி.எல்-10 என்ற புரதங்களை அளப்பது இன்னொரு வழி. கிளினிக்கில் குச்சியை முக்கிப் பார்க்கிற சாதாரண சிறுநீர்ச் சோதனை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, அப்படியானால் ஊசி எதற்கு? அந்தப் புரதங்கள் நிராகரிப்பில் மட்டும் ஏறுவதில்லை. பி.கே. வைரஸ் கிட்னியைப் பிடித்தாலும் ஏறும், சிறுநீர்த் தொற்றிலும் ஏறலாம். நிராகரிப்பு என்றால் ஸ்டீராய்டு ஏற்றி உடம்பின் எதிர்ப்பை இன்னும் அடக்குவார்கள். பி.கே. வைரஸ் என்றால் நேர்மாறாக, அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள். அப்படி அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் கூடினாலும் கிரியேட்டினின் ஏறும், அதற்கும் மருந்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஒன்றை இன்னொன்றாக நினைத்து வைத்தியம் செய்தால் மாமியார் கொடுத்ததே போய்விடும். எது என்று திசுவைப் பார்த்தால்தான் தெளிவாகும். ஒரு பிரச்சினையும் இல்லாதவரை அடிக்கடி குத்தாமல் கண்காணிக்கத்தான் சிறுநீர்ச் சோதனை கைகொடுக்கும். உங்கள் வீட்டில் எண் ஏறியே விட்டதே.

பயம் நியாயம்தான். முப்பது வருஷம் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்தவள், அந்தக் கட்டில் பக்கத்தில் எத்தனையோ பேர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பொருத்திய கிட்னி அடிவயிற்றில், தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். ஜெல் தடவி ஸ்கேன் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியை இறக்குவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்' என்று சத்தம் வரும், பலரும் திடுக்கிடுவது அதற்குத்தான். வருவது நூல் துண்டு மாதிரி ஒரு சதை. பிறகு சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் சிவப்பாக வருவது உண்டு. அதிகமாக வருவது அபூர்வம், அதைக் கவனிக்கத்தான் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரத்தம் எடுக்கும் அன்று காலை டாக்ரோலிமஸை முழுங்காமல் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். எடுத்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். இன்னொன்று, தம்புன் பம்பளிமாஸ் உங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு, சீசனில் வீட்டில் குவிந்திருக்கும். அவருக்கு ஒரு சுளைகூட வேண்டாம், டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். கிட்னிக்கு நல்லது என்று யாராவது பூனைமீசை மூலிகைத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எங்கே சிறுநீர்ச் சோதனை கிடைக்கும் என்பதையும் அவரிடமே கேளுங்கள், பயோப்சி முடிந்த பிறகு.

மாமியாரிடம் மறைக்க வேண்டாம். கிட்னியே கொடுத்தவர் இதையும் தாங்குவார். குத்த விடமாட்டேன் என்று அவர் பெயரைச் சொல்லித்தானே மகன் அடம்பிடிக்கிறார்? அந்த அம்மாவே "போய்ட்டு வாடா" என்றால் மறுபேச்சுக்கு இடமிருக்காது.