பம்பாயில் 12 விக்கெட், அப்புறம்?

கேள்வி: அறிமுகமான கொஞ்ச நாளிலேயே இங்கிலாந்தைச் சுருட்டிய லெக் ஸ்பின்னர் எல். சிவராமகிருஷ்ணன், 9 டெஸ்ட்டோடு நின்றுபோனது ஏன்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 17. விக்கெட் விழவில்லை. 1984 நவம்பர் கடைசியில் தொடங்கிய பம்பாய் டெஸ்ட்டில் இங்கிலாந்துக்கு எதிராக 6/64 (64 ரன்னுக்கு 6 விக்கெட்), 6/117. அடுத்து டெல்லியில் 6/99. மூன்று இன்னிங்ஸில் 18 விக்கெட்! ஆனால் ஐந்து டெஸ்ட் கொண்ட அந்தத் தொடர் முழுவதும் அவர் எடுத்தது 23தான். சொந்த ஊர் சேப்பாக்கத்திலேயே இங்கிலாந்தின் ஃபவுலர் 201, கேட்டிங் 207 அடித்துவிட்டார்கள். 1986 ஜனவரியில் சிட்னியோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 20 வயது நிரம்பி சில நாட்களே ஆகியிருந்தன. மொத்தம் 26 விக்கெட், சராசரி 44க்கு மேல்.

திறமை போதவில்லை என்று சொல்ல முடியாது. 1985 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த உலக சாம்பியன்ஷிப் ஒருநாள் தொடரின் இறுதிப் போட்டி: 48 ரன்னில் இருந்த பாகிஸ்தானின் மியான்தாத் இறங்கி வருகிறார், பந்து எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே விழுந்து மட்டையைத் தாண்டித் திரும்புகிறது, விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பைத் தட்டிவிடுகிறார். அப்படி மேலே போய்ச் சட்டென இறங்கும் பந்துதான் அவருடைய மூலதனம். அடி விழுந்ததும் லெக் ஸ்பின்னர் பயந்து வேகமாக, தட்டையாகப் போட ஆரம்பித்தால் அந்த மூலதனம் கரைந்துவிடும். அந்த வயதில் தைரியம் சொல்ல ஆள் வேண்டும். நம் தேர்வாளர்களுக்கு எப்போதுமே பொறுமை குறைச்சல்.

கேள்வி: என் மகன் கூக்ளி நன்றாகப் போடுகிறான். இப்போது லெக் பிரேக் திரும்பவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: பழைய வியாதிதான். லெக் பிரேக் வலக்கை பேட்ஸ்மேனைவிட்டு வெளியே திரும்பும்; கூக்ளி அதே மாதிரி தெரிந்து உள்ளே திரும்பும். லெக் பிரேக்கில் பந்தைச் சுழற்றுவது மோதிர விரல். பந்து கையின் பக்கவாட்டில் வெளியேற வேண்டும். கூக்ளிக்குப் புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி மணிக்கட்டு இன்னும் திரும்பும். அதையே போட்டுக்கொண்டிருந்தால் மணிக்கட்டு அந்த வாகிலேயே பழகிவிடும். இடது தோளும் சீக்கிரம் விலகி, கை சாயும் (வலக்கைக்காரன் என்றால்).

சில வாரம் கூக்ளியை நிறுத்துங்கள். ஓடிவராமல், பத்தடி தூரத்தில் எதிரே நிற்பவருக்குப் பந்தைச் சுழற்றிப் போடச் சொல்லுங்கள். பந்தின் தையல் ஸ்லிப் (கீப்பருக்குப் பக்கத்து ஃபீல்டர்) பக்கம் சாய்ந்து சுழல்கிறதா என்று அவர் பார்க்கட்டும். அது சரியான பிறகே முழு பிட்ச்.