சொந்தக்காரர் கார்ல போய் அடிபட்டா யார் மேல கேஸ்? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். பாலக்கோட்டுல இருந்து எழுதறேன். நாலு மாசம் முன்னாடி நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க சேலம் போனோம், நாத்தனார் வீட்டுக்காரர்தான் அவரோட சொந்தக் கார ஓட்டினாரு. தொப்பூர் எறக்கத்துல மழை, கார் சறுக்கி நடுத்தடுப்புல மோதிருச்சு. எனக்கு சின்ன காயம்தான். என் வீட்டுக்காரருக்குத் தொடை எலும்பு ஒடைஞ்சு பிளேட் வச்சிருக்கு. அவரு தக்காளி மண்டியில லோடு ஏத்தறவரு, 38 வயசு, இனிமே பாரம் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எஃப்ஐஆர் அந்த அண்ணன் மேலதான் இருக்கு. கேஸ் போட்டா சொந்தம் அத்துப்போயிருமோன்னு பயமா இருக்குங்க சார். 50 ஆயிரம் வாங்கிட்டு எழுதிக் குடுத்துருன்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: எழுதிக் குடுத்துறாதீங்கம்மா, மொதல்ல அதச் சொல்லிடறேன். நீங்க பயப்படற கேஸ் வேற, நஷ்டஈடு கேஸ் வேற. எஃப்ஐஆர் போட்ட போலீஸ் கேஸ் அது பாட்டுக்கு நடக்கும், நீங்க நஷ்டஈடு கேட்டாலும் கேக்காட்டியும் நடக்கும். நஷ்டஈடு மனுவுல அண்ணன் பேரு மொத எதிர்மனுதாரரா வரும், அடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி. பாலிசி சரியா இருந்தா பணம் கட்டப்போறது கம்பெனிதான், அவரு பாக்கெட்ல இருந்து ஒத்த ரூபா போகாது. இத அவருகிட்டயே உக்காந்து பேசிருங்க, பாதி சண்டை அங்கயே தீந்துரும்.

இப்ப பாலிசி. அண்ணன்கிட்ட அந்த பிடிஎஃப்ப வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. மொதப் பக்கத்துல மேலயே பாலிசி பேரு இருக்கும். 'பேக்கேஜ்', 'காம்ப்ரிஹென்சிவ்'னு இருந்தா நிம்மதி, நாம ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்றது அதத்தான், உள்ள உக்காந்து வர்றவங்களுக்கும் அதுல கவர் உண்டுன்னு 2009லயே இன்சூரன்ஸ் ஆணையம் சுற்றறிக்கை விட்டுச்சு, 2012ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. 'லயபிலிட்டி ஒன்லி'ன்னு இருந்தா, அதாவது வெறும் தேர்ட் பார்ட்டி, அங்கதான் சிக்கல். ரோட்ல போறவன அடிச்சா அது குடுக்கும், சொந்தக் கார்ல சும்மா கூட்டிட்டுப் போன ஆளுக்குக் குடுக்காது, 2006ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே அப்படித்தான். நம்ம பக்கம் பழைய கார் வாங்கறவங்க நிறைய பேரு போலீஸ் மடக்குனா காட்டறதுக்குன்னே தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுட்டு, அதுல குடும்பத்தையே ஏத்திக்கிட்டு ஒகேனக்கல் போறாங்க, என்னத்தச் சொல்ல. அப்படி இருந்தா பின்னாடி பக்கத்துல 'அன்நேம்டு பாசஞ்சர்' பர்சனல் ஆக்சிடென்ட்னு, அதாவது பேரு குறிக்காம கார்ல வர்றவங்களுக்கு விபத்துக் காப்பீடுன்னு, தனியா ஏதாவது கட்டியிருக்காரான்னு பாருங்க, ஆளுக்கு 2 லட்சம் வரைக்கும் எடுத்திருக்கலாம். 15 லட்சம்னு ஒண்ணு போட்டிருக்கும், அது ஓட்டுற ஓனருக்கு, உங்களுக்கு இல்ல.

அடுத்தது, சாட்சி. சொந்தக்காரரக் காப்பாத்தறேன்னு கூண்டுல ஏறி "மழைதாங்க காரணம், அண்ணன் மெதுவாத்தான் போனாரு"ன்னு சொன்னீங்கன்னா கேஸ் படுத்துரும். மோட்டார் வாகனச் சட்டத்துல 166ன்னு ஒரு பிரிவுல கேக்கறப்ப ஓட்டுனவரோட கவனக்குறைவக் காட்டியாகணும். தப்பு யாருன்னே நிரூபிக்காம வாங்கணும்னா 164ன்னு இன்னொரு பிரிவு இருக்கு, பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், உயிர் போனா 5 லட்சம், அதோட முடிஞ்சுது. நடந்தது என்னவோ அத மட்டும் சொல்லுங்க.

எவ்வளவு வரும்னு நீங்க கேக்கல, இருந்தாலும் 50 ஆயிரத்தோட ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகச் சொல்றேன். மாசம் 15,000 சம்பாரிச்சாருன்னு கோர்ட் ஏத்துக்கிச்சுன்னு வைங்க. 40 வயசுக்குள்ள, சொந்தமா ஒழைக்கறவருன்னா எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேப்பாங்க, 21,000. வருஷத்துக்கு 2,52,000. 38 வயசுக்கு பெருக்கற எண் 15, ஆக 37,80,000. இதுல ஊனம் எவ்வளவு சதவீதமோ அவ்வளவு. மெடிக்கல் போர்டு 20 சதவீதம்னு குடுத்தா 7,56,000. ஆனா கால்ல 20 சதவீதம் கொறைஞ்சா கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பாக்கறவருக்கு ஒரு கணக்கு, தக்காளிப் பெட்டி தூக்கறவருக்கு வேற கணக்கு. தொழில் எவ்வளவு போச்சுன்னுதான் பாக்கணும்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அத 40ன்னு ஏத்துக்கிட்டா 15,12,000. மருத்துவச் செலவு, வலி வேதனைக்கெல்லாம் தனி. அதனால மண்டி ஓனர்கிட்ட கூலிச் சீட்டு, நோட்டுல பேரு இருக்கிற பக்கத்தோட ஜெராக்ஸ், முடிஞ்சா அவரே வந்து சாட்சி, இத இப்பவே பேசி வச்சுக்குங்க. பெரிய ஆஸ்பத்திரியில மொத மொத எழுதுன ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேடு), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எல்லாத்தையும் ஒரு கட்டப்பையில போட்டு வைங்க. கேஸ தர்மபுரி கோர்ட்டுலயே போடலாம். விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள போடணும்னு 2022 ஏப்ரல்ல இருந்து சட்டம், உங்களுக்கு ரெண்டு மாசம்தான் மிச்சம். ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கேக்கற ஆளு யாராவது வந்திருந்தா அவருகிட்ட மட்டும் போகாதீங்க.

கேள்வி: பென்னாகரம் ரோட்ல எங்க சித்தப்பாவ அடிச்சுட்டு வண்டி நிக்காமப் போயிருச்சு, நம்பர் தெரியல, ஆள் எறந்துட்டாரு. ஒண்ணும் கெடைக்காதா?

பதில்: கெடைக்கும். அடிச்சுட்டு ஓடுன கேசுக்கு உயிர் போனா 2 லட்சம், பலத்த காயம்னா 50 ஆயிரம். எஃப்ஐஆரோட ஆர்டிஓ ஆபீஸ்ல மனு குடுங்க. லைசென்ஸ் எடுக்கப் போற ஆர்டிஓ இல்லீங்க, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ். இது தெரியாம தப்பான ஆபீஸ்ல போய் நிக்கறவங்க இருக்காங்க.

கேள்வி: சூளகிரியில இருந்து திருவண்ணாமலைக்கு ஓன் போர்டு கார, அதாவது சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிய, வாடகைக்குப் பேசிப் போனோம். பின்னாடி வந்த லாரி இடிச்சிருச்சு. வாடகைக்குப் போனது தெரிஞ்சா இன்சூரன்ஸ் வராதுன்னு டிரைவர் மிரட்டறாரு.

பதில்: தப்பு லாரி மேலன்னா லாரியோட இன்சூரன்ஸ்தான் குடுக்கணும், அதுக்கு நீங்க வெளி ஆளு, வெள்ளை போர்டா மஞ்ச போர்டான்னு அங்க பேச்சே இல்ல. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. ரெண்டு வண்டி மேலயும் தப்பு இருந்தாலும் உள்ள உக்காந்திருந்தவங்க எந்த வண்டிக்காரங்ககிட்ட வேணும்னாலும் முழுசாக் கேக்கலாம். கார் டிரைவர் மட்டும் தப்பு பண்ணியிருந்தா அவர் பயம் நியாயம், சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசில வாடகை ஓட்டுனதுக்குக் கம்பெனி மல்லுக்கு நிக்கும். அடுத்த தடவ முந்நூறு நானூறு கூடப் போனாலும் மஞ்ச போர்டுல போங்க.

கேள்வி: காவேரிப்பட்டணம். பேரன முன் சீட்ல மடியில வச்சுக்க மருமக விட மாட்டேங்குது, என்னையும் பின்னாடி பெல்ட் போடச் சொல்லுது. ஏர்பேக் இருக்கே, எதுக்கு?

பதில்: மருமக சொல்றதக் கேளுங்கய்யா. ஏர்பேக் கண்ணு இமைக்கறதுக்குள்ள வெடிச்சு வெளிய வரும், மடியில புள்ள இருந்தா அது மொகத்துல அடிக்கும். பெல்ட் போட்டவங்களுக்குத் தொணையா இருக்கத்தான் அத வச்சிருக்காங்க. பின்னாடி உக்காந்தா ஒண்ணும் ஆகாதுன்னு இல்ல, 2022ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்ல பெல்ட் போடாமத்தான் எறந்தாரு. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், போடலன்னா 1,000 ரூபா ஃபைன். போய் உங்க கார் பின் சீட்டப் பாருங்க, குஷன் கவர் தச்சுப் போட்டப்ப பக்கிள அடியில அமுக்கி மூடியிருப்பாங்க. கைய விட்டு வெளிய எடுங்க, கவர்ல ரெண்டு இடத்துல பிளேடு போட வேண்டியிருக்கும், போடுங்க.