ஹார்பர் எலியா, நம்ம கொட்டகை எலியா?

கேள்வி: ஐயா, மணலியில் ஐந்து கறவை மாடும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறோம். கொட்டகைக்குப் பின்னால் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற காலியிடம். ஹார்பரிலிருந்து வரும் கன்டெய்னரில் வெளிநாட்டு எலி இறங்குகிறது, அதற்கு நம்ம ஊர் மருந்து கேட்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எலி கேக் வைத்தால் ஒரு மாதம் அடங்குகிறது. அப்புறம் பழையபடி தவிட்டு மூட்டையைக் கிழிக்கிறது, தரையைத் தோண்டி மண்ணைக் குவிக்கிறது. இதைவிடக் கடுமையான மருந்து எது?

பதில்: அம்மா, கடுமையான மருந்து உங்களுக்குத் தேவையில்லை. கேக் வைத்தால் ஒரு மாதம் அடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மருந்து கேட்கிறது, எலி சாகிறது. மருந்து கேட்காத எலியும் உலகத்தில் உண்டுதான். ரத்தத்தை உறையவிடாமல் கொல்லும் வார்ஃபரின் என்ற எலி மருந்தைத் தின்றும் சாகாத எலிகளை 1958இல் ஸ்காட்லாந்தில் கண்டார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்த உதவும் ஒரு மரபணு அவற்றில் மாறியிருந்தது. அந்த மரபணு எது என்பது 2004இல்தான் தெளிவானது. அப்படிப்பட்ட எலி இருந்தால் வைத்த கேக் நாளுக்கு நாள் தீரும், வாரக்கணக்கில் தின்றும் எலி குறையாது. உங்கள் கொட்டகையில் நடப்பது அதுவல்ல.

ஹார்பர் விஷயத்துக்கு வருகிறேன். எலி கப்பலேறி உலகம் சுற்றியது உண்மை. ஆனால் நீங்கள் நினைக்கிற திசையில் அல்ல. ஓட்டிலும் உத்தரத்திலும் ஓடுகிற, உடம்பைவிட வால் நீளமான வீட்டு எலி இருக்கிறதே, உலகத் துறைமுகங்களில் பரவிய அந்த இனத்தின் முக்கியமான கால்வழி இந்தியாவில் தோன்றியது. இங்கிருந்து மேற்கே போய், ரோமானியர் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பழைய எலி எலும்புகளில் எடுத்த மரபணுவை வைத்து 2022இல் வெளியான ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. ரோமானிய ஆட்சி சரிந்து தானிய வியாபாரம் படுத்ததும் வடமேற்கு ஐரோப்பாவில் அந்த எலி ஏறக்குறைய அற்றுப்போனது. இடைக்காலத்தில் வியாபாரம் மறுபடி தலையெடுத்தபோது வேறொரு கூட்டம் புதிதாக வந்து குடியேறியது. தானியக் கிடங்கு இல்லையென்றால் இந்த எலிக்கு வாழ்வில்லை. உங்கள் தவிட்டு மூட்டைக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டு எலி என்று சொல்லத் தகுந்தது பழுப்பு எலி. வடக்குச் சீனாவும் மங்கோலியாவும் அதன் பூர்வீகம். 1700களில் ஐரோப்பாவை நிறைத்து, அங்கிருந்து கப்பலில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போனது. நம் நாட்டில் பெரும்பாலும் துறைமுக நகரங்களை ஒட்டியே இருக்கிறது. 30 நாடுகளில் பிடித்த 300க்கும் மேற்பட்ட பழுப்பு எலிகளின் மரபணுவை 2016இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நியூயார்க் எவ்வளவு பெரிய துறைமுகம்! உலகத்தின் எல்லாக் கரையிலிருந்தும் அங்கே கப்பல் வருகிறது. அப்படியும் அந்த ஊர் எலி இன்றுவரை மேற்கு ஐரோப்பிய வம்சமாகவே இருக்கிறது. முதலில் வந்து இடம் பிடித்த கூட்டம், பின்னால் இறங்குகிற ஒன்றிரண்டை வேர்விட விடுவதில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் கண்டது. ஆகவே கன்டெய்னரிலிருந்து ஒரு எலி குதித்தாலும் உங்கள் கொட்டகையை அது பிடித்துவிடாது. கப்பல் கட்டும் கயிற்றில் எலி ஏறாதபடி வட்டத் தகடு மாட்டுவதும், கப்பலுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை சுகாதாரச் சான்று கேட்பதும் அவசியமே. புது நோய் இறங்குவதைத் தடுக்க அது வேண்டும். உங்கள் கொட்டகைக்கு அது தீர்வல்ல.

உங்களிடம் தரையைத் தோண்டுவது சின்னப் பெருச்சாளியாகத்தான் இருக்க வேண்டும். நெல் வயலில் வரப்பைக் குடைகிற அதே ஜாதி, ஊருக்குள்ளும் உண்டு. வளை வாயில் புது மண் குவியல், குட்டையான முகம், உடம்பைவிடச் சின்ன வால், மடக்கினால் உறுமும். மூட்டையை மேலிருந்து கிழிப்பது வீட்டு எலி. சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு போகிற, நாற்றமடிக்கிற மூஞ்சூறு எலியே அல்ல. அது கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்னும், அதை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் ஒரு மாதம் கழித்து வருவது யார்? தப்பிப் பிழைத்ததன் குட்டிகளும் பக்கத்துக் கொட்டகை எலிகளும். பிரேசிலின் சால்வடார் நகரத்தில் ஒரு பகுதியில் மருந்து வைத்து எலியைக் குறைத்தபின் மரபணுவைப் பார்த்தார்கள். மரபணு வகை குறைந்து, இருந்த எலிகள் நெருங்கிய சொந்தங்களாக இருந்தன. அதாவது எஞ்சிய சிலதான் மறுபடி பெருகியிருக்கின்றன. சினை மூன்று வாரம்தான், ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டி சாதாரணம். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பெரும்பாலான எலிகள் பிறந்த இடத்திலிருந்து சுமார் 200 மீட்டருக்குள்ளேயே காலத்தைக் கழிக்கின்றன. எப்போதாவது ஏதோ ஒரு எலி இரண்டு கிலோமீட்டர் வரை போகும். நியூ ஆர்லியன்ஸில் கால்வாயும், வான்கூவரில் பெரிய சாலையும் எலிக் கூட்டங்களைப் பிரித்து வைத்திருந்தன. எலி நன்றாக நீந்தும், ஆனாலும் அனாவசியமாகத் தாண்டுவதில்லை.

தென் அட்லாண்டிக்கில் தெற்கு ஜார்ஜியா என்று ஒரு தீவு. அதைப் பனியாறுகள் பல துண்டாகப் பிரித்திருந்தன. ஒரு துண்டின் எலி மறு துண்டுக்குப் போவதில்லை என்பதை மரபணு வைத்து உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு துண்டாக, ஒரு எலிகூட மிஞ்சாமல் மருந்து வைத்தார்கள். 2018இல் தீவு எலியற்றது என்று அறிவித்தார்கள். மணலியில் எலியை அடியோடு ஒழிக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கு நமக்கும் உதவும். உங்கள் கொட்டகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் பெரிய சாலை என்று எல்லை எங்கே விழுகிறதோ, அதற்குள் இருக்கிற கொட்டகை, மளிகைக் கடை, லாரி நிற்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு எலிக் குடும்பத்தின் ஊர். அத்தனை இடத்திலும் ஒரே நாளில் மருந்து வைக்க வேண்டும். நீங்கள் இந்த மாதம், பக்கத்து வீட்டார் அடுத்த மாதம் என்று வைத்தால், செத்த எலியின் வளையில் அண்டை எலி குடியேறும்.

முதல் நாள் சாயங்காலம் எல்லா வளை வாயையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பதுதான் எலி இருக்கிற வளை, அதற்கு மட்டும் செலவு செய்தால் போதும். புரோமடியோலோன் கேக்கை வளைக்குள் தள்ளி வையுங்கள். வளைக்கு வெளியே வைப்பதானால் கை நீளத்துக்கு வெட்டிய பிவிசி குழாய்க்குள், கோழி மூக்கு எட்டாதபடி கம்பியால் கட்டி வையுங்கள். தின்ற எலி சாக நாலைந்து நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். பத்து நாள் கழித்து மறுபடி வளையை மூடிப் பார்த்து, திறந்ததற்கு இரண்டாம் முறை வையுங்கள். உத்தரத்தில் ஓடுவதற்குக் கேக்கைவிடப் பொறி நல்லது, கருவாட்டுத் துண்டு வைத்தால் தேடி வரும். செத்ததை வெறுங்கையால் தொடாமல் எடுத்து ஆழமாகப் புதையுங்கள், கோழியும் நாயும் தின்னக்கூடாது.

துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்து கொட்டகைப் பக்கமே வேண்டாம். மாடு, கோழி எது தின்றாலும் முறிவு மருந்து கிடையாது. புரோமடியோலோனுக்காவது முறிவாக வைட்டமின் கே1 உண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடினால் காப்பாற்றலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. குழந்தைகளும் பெரியவர்களுமாக எத்தனையோ பேர் உயிரைக் குடித்தது அது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை மூன்றையும் மூடி இறுகும் டிரம்மில் போடுங்கள். மூட்டையாகவே வைத்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. கோழித் தீவனத்தை ராத்திரி எடுத்து வைத்துவிடுங்கள். வைக்கோலைத் தரையில் போடாமல் ஒரு முழ உயரத்தில் பலகை மேல் அடுக்கினால் அடியில் வளை விழுவது கண்ணுக்குத் தெரியும்.

எலிக்காய்ச்சலை மறக்க வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கும், அதைக் குடிக்கும் மாட்டுக்கும் வரும். சினை மாடு கன்று வீசினாலோ, பால் திடீரென்று குறைந்து ரத்தச் சாயல் தெரிந்தாலோ, வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் எலித் தொல்லை இருப்பதையும் சொல்லுங்கள். கொட்டகை கழுவும்போது கம்பூட்ஸ் போடுங்கள்.

இதையெல்லாம் ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் கால்வாய் ஓரத்து வளைகளில் தண்ணீர் ஏறினால் அங்கிருக்கிற எலியும் மேட்டுக்கு, அதாவது உங்கள் கொட்டகைக்கு, ஏறி வரும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை வைத்தும் கேக் தீர்ந்துகொண்டே இருந்தால், எத்தனை வளை திறந்தது, எத்தனை நாள் தின்றது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். மருந்தை மாற்றலாமா என்று அப்போது பார்ப்போம்.