ஆடிட்டருக்கு அரசியலில் என்ன வேலை?

கேள்வி: என் மகன் சி.ஏ. படிக்கிறான். ஆனால் அரசியலுக்குத்தான் போவேன் என்கிறான். ஆடிட்டருக்கு அங்கே என்ன வேலை? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நிறைய இருக்கிறது அம்மா. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சுரேஷ் பிரபு. மும்பை ஆடிட்டர், சாரஸ்வத் கூட்டுறவு வங்கியின் தலைவராக இருந்தவர், 1996-ல் சிவசேனா சார்பில் கொங்கண் பகுதி ராஜாபூரில் நின்று ஜெயித்து, அப்புறம் 1998, 1999, 2004 என்று தொடர்ந்து நான்கு முறை எம்.பி. ஆனார். வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சராக 2001-ல் மின்சார மசோதாவைக் கொண்டுவந்தார். அது 2003-ல் சட்டமானபோது அவர் அமைச்சராக இல்லை. கட்சித் தலைமை சொன்னதால் 2002-லேயே பதவியை விட்டிருந்தார். 2009-ல் தோல்வி.

2014 நவம்பர் 9 அன்று பா.ஜ.க.வில் சேர்ந்தார், அன்றே அமைச்சராகப் பதவியேற்றார், ரயில்வே கிடைத்தது. இங்கேதான் ஆடிட்டர் புத்தி தெரிந்தது. ரயில்வே பட்ஜெட் என்றாலே என் தொகுதிக்கு எத்தனை புது ரயில் என்று எல்லா எம்.பி.க்களும் காத்திருப்பார்கள். 2015 பட்ஜெட்டில் அவர் ஒரு புது ரயில்கூட அறிவிக்கவில்லை. இருக்கிற தடத்திலேயே நெரிசல் தாங்கவில்லை, அதை முதலில் சரிசெய்வோம் என்பது அவர் கணக்கு. "ஹே பிரபு, இது எப்படி நடக்கும்?" என்று தன் பெயரையே வைத்து அவையில் கேட்டுவிட்டு, ஐந்தாண்டில் 8.56 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டத்தைச் சொன்னார்.

அதைவிட எனக்குப் பிடித்தது, ரயில்வேயின் கணக்கு எழுதும் முறையையே மாற்றத் தொடங்கியது. பணம் வந்தால் வரவு, போனால் செலவு என்று மட்டும் எழுதினால் தண்டவாளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஏட்டில் தெரியவே தெரியாது. இது ஒரு ஆடிட்டருக்குத்தான் உறுத்தும். 1924-லிருந்து தனியாகப் போட்டுவந்த ரயில்வே பட்ஜெட்டைப் பொது பட்ஜெட்டோடு சேர்க்கவும் அவரே சம்மதித்தார், 2017-ல் அது நடந்தது.

கேள்வி: இவ்வளவு செய்தவர் ஏன் ரயில்வேயை விட்டுப் போனார்? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: விபத்துகள். 2016 நவம்பரில் கான்பூர் அருகே புக்ராயானில் சுமார் 150 பேர் இறந்தார்கள். 2017 ஆகஸ்ட் 19-ல் கதௌலியில் உத்கல் எக்ஸ்பிரஸ், நான்கே நாளில் கைஃபியாத் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டன. தார்மிகப் பொறுப்பேற்றுப் பிரதமரைப் பார்த்தார், காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 3-ல் வர்த்தகத் துறைக்கு மாற்றினார்கள். 1956 அரியலூர் விபத்துக்குப் பிறகு லால் பகதூர் சாஸ்திரி விலகியதை நம் ஊர் இன்னும் பேசுகிறது. பிரபுவும் புக்ராயானிலேயே அதைச் செய்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இருந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று போய் நின்றாரே, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.