சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை நேரம்?

மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 420 கி.மீ. சாலையில் போனால் ஏறத்தாழ 460 கி.மீ.

நேரத்தில்தான் குழப்பம். புரொப்பெல்லர் வைத்த சிறிய ஏடிஆர் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 500 கி.மீ. போகும். அப்படியானால் 50 நிமிடம்தானே? ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று இருக்கும். விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து மதுரையில் நிறுத்தும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். ஜெட் வேகமாகப் பறந்தாலும் இவ்வளவு குறைந்த தூரத்தில் பெரிதாக மிச்சமாகாது.

பாதி தூரம் தாண்டியதும் கீழே பாருங்கள். நேர்கோடு கிட்டத்தட்ட திருச்சி மேலேயே போகிறது. மேகமில்லாத நாளில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு அப்படியே தெரியும். எனக்கு அதற்காகவே ஜன்னல் இருக்கை வேண்டும்.

சரி, வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். செக்-இன் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். அப்புறம் இரண்டு பக்கமும் டாக்ஸி. மொத்தம் நாலரை, ஐந்து மணி ஆகிவிடும். எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் மதுரை ஜங்ஷனில், ஊர் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. எழும்பூர் பக்கம் வீடு என்றால் ரயிலிலேயே போங்கள். தாம்பரம், பல்லாவரம் என்றால் விமானம் சரி.